கிருபை தயாபத்து மந்திரமும் நாற்காலியில் வாழ்ந்த துறவியும்

தங்கச்சி, உங்கள் கடிதத்தில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. கல்முனைப் பக்கத்தில் உங்கள் பங்கில் மறைக்கல்விக்கு வரும் பிள்ளைகளில் நாலைந்து பேர் நடக்க முடியாதவர்கள், பேச்சுத் தெளிவில்லாதவர்கள் என்றும், அவர்களை நடுவில் வைத்து செப்டெம்பரில் ஒரு மாலை நிகழ்வு செய்யப்போகிறீர்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உடல் ஊனத்தோடு வாழ்ந்து, கலைஞராகவும் இருந்த ஒரு கத்தோலிக்கக் குருவை அன்றைக்கு நினைவுகூரலாம் என்றால் யாரைச் சொல்வது என்பது முதல் கேள்வி. அந்தப் பிள்ளைகளில் ஒருவன், "நானும் பாதராக வரலாமா ரீச்சர்?" என்று கேட்டதற்குப் பதில் சொல்லத் தெரியாமல் நின்றுவிட்டேன், என்ன சொல்வது என்பது இரண்டாவது. இரண்டாவதுதான் பெரிய கேள்வி. ஆனால் முதலாவதைச் சொன்னால்தான் அதற்கு வழி கிடைக்கும்.

குரு, கலைஞர், உடல் இயலாமை என்ற மூன்றும் அப்படியே பொருந்துகிறவர் வேண்டும் என்றால், அந்தோனியோ விவால்டி இருக்கிறார். உலகம் முழுக்க அவருடைய வயலின் இசையைக் கேட்கிறார்கள். அவர் பூசை வைக்கப் பட்டம் பெற்ற குரு என்பது பலருக்குத் தெரியாது. 1678இல் வெனிஸில் பிறந்தார். பிறந்த அன்றே உயிருக்கு ஆபத்து என்று மருத்துவச்சியே வீட்டில் வைத்து ஞானஸ்நானம் கொடுத்தார். 1703 மார்ச்சில் குருப்பட்டம். சிவந்த தலைமுடி என்பதால் 'சிவப்புச் சாமியார்' என்று ஊர் கூப்பிட்டது. பிறந்ததிலிருந்தே நெஞ்சை இறுக்கும் நோய் அவருக்கு. இன்றைய மருத்துவர்கள் அதை ஆஸ்துமா என்கிறார்கள். 1737 நவம்பரில் அவர் எழுதிய ஒரு கடிதம் இருக்கிறது. இருபத்தைந்து ஆண்டுகளாகத் தான் பூசை வைப்பதில்லை என்றும், நோய் தாங்காமல் மூன்று தடவை பூசையை முடிக்காமலே பீடத்தை விட்டு இறங்க வேண்டியிருந்தது என்றும் அதில் சொல்கிறார். நடக்க முடியாததால் படகிலோ வண்டியிலோதான் வெளியே போகிறாராம். பயணம் என்றால் உதவிக்கு நாலைந்து பேர் கூட வர வேண்டுமாம். பூசை வைக்க மனமில்லாமல் சாக்குச் சொன்னார் என்று பழித்தவர்கள் உண்டு. மூச்சு முட்டுகிறவர்களை வீட்டில் பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள். 1703 செப்டெம்பரிலேயே வெனிஸில் கைவிடப்பட்ட பெண் பிள்ளைகளை வளர்த்த பியேத்தா என்ற இல்லத்தில் வயலின் ஆசிரியரானார். இடையில் விட்டு விட்டுப் போனாலும் பல ஆண்டுகள் அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் எழுதினார், அவர்களைத்தான் பழக்கினார்.

சரி, விவால்டியைச் சொல்லலாம். ஆனாலும் உங்கள் நிகழ்வுக்கு நான் முன்வைப்பது வேறு ஒருவரை. அவரை அந்தப் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே தெரியும், பெயர்தான் தெரியாது. செபமாலை முடிந்ததும் நம் வீடுகளில் சொல்கிற கிருபை தயாபத்து மந்திரம் இருக்கிறதே, 'எங்கள் இராக்கினியே வாழ்க' என்று போகிறதே, அதன் இலத்தீன் மூலத்தை எழுதி இசையமைத்தவர் என்று திருச்சபை மரபு காலங்காலமாகச் சொல்லி வருகிற மனிதர். தானாக எழுந்து நிற்கவும் முடியாதவர். பெயர் ஹெர்மன். ரைஹனாவ் ஹெர்மன் என்றும், 'உடல் முடங்கிய ஹெர்மன்' என்றும் சொல்வார்கள். இவர் ஆசீர்வாதப்பர் சபைத் துறவி. நிகழ்வில் குரு என்று சொல்லாமல், துறவி என்றே சொல்லுங்கள்.

ரைஹனாவ் இன்றைய ஜெர்மனியின் தெற்கு எல்லையில் கொன்ஸ்தான்ஸ் ஏரிக்குள் இருக்கும் ஒரு தீவு. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லும்போது மட்டக்களப்பு நகரத்துப் புளியந்தீவை நினைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நாலு பக்கமும் வாவி, நடுவில் ஒரு துண்டு நிலம், அதில் மரியாள் பேராலயம், 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரி, கோட்டை, மணிக்கூட்டுக் கோபுரம். ரைஹனாவும் அப்படித்தான். சின்னத் தீவு, அதற்குள் பழைய கோயில்கள், ஒரு பெரிய மடம், மடத்தில் ஒரு பள்ளிக்கூடம், ஏராளமான ஏடுகள். 2000ஆம் ஆண்டிலிருந்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இருக்கிறது. தண்ணீருக்கு நடுவே மணி ஓசை எப்படிப் பரவும் என்று புளியந்தீவில் மாலை நேரத்தில் நின்றவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஹெர்மன் 1013 யூலை 18இல் பிறந்தார். தகப்பன் ஆல்ட்ஸ்ஹவுசன் பகுதியின் பிரபு வுல்ஃப்ராத், தாய் ஹில்த்ரூத். அந்தத் தாய் பெற்றது பதினைந்து பிள்ளைகள். 1020 செப்டெம்பர் 15இல் தன்னை எழுத்துப் படிக்கக் கொடுத்தார்கள் என்று பின்னாளில் தன் வரலாற்று நூலில் அவரே நாள் குறித்து எழுதியிருக்கிறார். ஏழு வயது. நம்மில் எத்தனை பேருக்கு ஏடு தொடக்கிய நாள் ஞாபகம் இருக்கும்? அவருக்கு இருந்தது. அந்த நாள் இல்லாவிட்டால் தன் வாழ்க்கை எங்கே போய் நின்றிருக்கும் என்று அவருக்குத் தெரியும் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

அவருடைய உடல் எப்படி இருந்தது என்பதை அவருடைய மாணவர் பெர்த்தோல்ட் எழுதி வைத்திருக்கிறார். யாராவது தூக்காமல் ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் போக முடியாது. படுத்தால் மற்றப் பக்கம் திரும்பிப் படுக்கவும் ஆள் வேண்டும். பணியாளர் ஒருவர் சுமந்து போகிற ஒரு நாற்காலியில், வளைந்தபடிதான் உட்காருவார். விரல்கள் பலமில்லாதவை. வாயும் நாக்கும் உதடும் சரியாக ஒத்துழைக்காததால் பேச்சு உடைந்து உடைந்து, இழுத்து இழுத்து வரும், பழகாதவர்களுக்கு விளங்காது. இது பிறவியிலேயே வந்த மூளை முடக்குவாதம் என்று சிலரும், நரம்பு தேய்ந்து தசை நலியும் நோய் என்று சிலரும் நம் கால மருத்துவர்களில் கணித்திருக்கிறார்கள். நோயின் பெயரில் எனக்கு அவ்வளவு அக்கறை இல்லை. பெர்த்தோல்ட் அதே மூச்சில் சொல்கிற மற்ற விடயம்தான் முக்கியம்: அந்தப் பேச்சில் அவர் பாடம் எடுத்தார், மாணவர்கள் தேடி வந்தார்கள், கேட்டதற்கெல்லாம் உடனுக்குடன் பதில் சொல்லுவார், எந்த நேரமும் மலர்ந்த முகம், ஒருவரையும் வெறுத்துப் பேசியதில்லை.

யோசித்துப் பாருங்கள். விளங்காத பேச்சுள்ள ஒருவர் ஆசிரியராக இருந்தார் என்றால், அவருடைய பேச்சை விளங்கிக்கொள்ளப் பொறுமையோடு காதைப் பழக்கிக்கொண்ட மாணவர்கள் இருந்திருக்கிறார்கள். அந்த மடத்தின் தலைவர் பெர்னோ, தானே இசை நூல் எழுதியவர். 1048 வரை நாற்பது ஆண்டுகள் தலைவராக இருந்தார். ஹெர்மனுடைய படிப்பும் வளர்ச்சியும் அவர் காலத்தில்தான். சுமக்கத் தோள் கொடுத்தவர்கள், ஏடு திருப்பிக் கொடுத்தவர்கள், சொன்னதை எழுதியவர்கள் என்று ஒரு மடமே அவரைச் சுற்றி இருந்தது. ஏறக்குறைய முப்பது வயதில் அவர் துறவு வாக்குக் கொடுத்தார்.

அவர் செய்த வேலைகளைச் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். கிறிஸ்து பிறப்பிலிருந்து 1054 வரை ஆண்டு ஆண்டாக ஒரு வரலாற்று நூல் எழுதினார். அவர் விட்ட இடத்திலிருந்து பெர்த்தோல்ட் தொடர்ந்தார். வானத்து நட்சத்திரங்களின் உயரத்தை அளந்து நேரம் பார்க்கிற அஸ்ட்ரோலாப் என்ற வட்டக் கருவியை எப்படிச் செய்வது என்று ஒரு நூல். அந்த அறிவு அரபு உலகத்திலிருந்து ஸ்பெயின் வழியாக அப்போதுதான் ஐரோப்பாவுக்குள் வந்துகொண்டிருந்தது. கையில் எடுத்துப் போகக்கூடிய, தூண் வடிவச் சூரிய கடிகாரம் ஒன்றைப் பற்றியும் எழுதினார். தானாக முற்றத்துக்குப் போக முடியாதவர், வழிப்போக்கர்கள் நேரம் பார்க்கிற கருவிக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார். சந்திர மாதத்தின் நீளத்தைக் கணக்கிட்டார். எண்களை வைத்து ஆடும் ஒரு பலகை விளையாட்டுக்கு விதிகள் எழுதினார். இதெல்லாம் செய்துவிட்டு, அஸ்ட்ரோலாப் நூலின் முகப்பில் தன்னைக் கிறிஸ்துவின் ஏழைகளில் கழித்துப் போட்ட தூசு என்று சொல்லிக்கொள்கிறார்.

இனி இசை. பாடற்குழுவில் ஐம்பது வருடமாக ஆர்மோனியத்தோடு இருப்பவன் என்பதால் இதில் கொஞ்சம் நின்றுதான் போவேன். அந்தக் காலத்தில் பாட்டை எழுதி வைக்கும் முறை, குரல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் காட்டும் சின்னச் சின்னக் கோடுகள். எவ்வளவு ஏறுகிறது என்று அதில் இருக்காது. பாட்டு ஏற்கெனவே தெரிந்தவருக்குத்தான் அது உதவும். தெரியாதவர் பார்த்துப் பாட முடியாது. ஹெர்மன் என்ன செய்தார் என்றால், ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு உள்ள தூரத்துக்கு எழுத்து வைத்தார். அதே சுரம் என்றால் ஓர் எழுத்து. ஆர்மோனியத்தில் பக்கத்துக் கட்டை என்றால் ஓர் எழுத்து. ஒரு கட்டை தாண்டினால் இன்னோர் எழுத்து. இரண்டும் சேர்ந்த தூரம் என்றால் இரண்டு எழுத்தையும் சேர்த்து. நாலாம் சுரத்துக்கும் ஐந்தாம் சுரத்துக்கும் தனித்தனி எழுத்து. எழுத்துக்குக் கீழே புள்ளி வைத்தால் இறங்க வேண்டும், புள்ளி இல்லாவிட்டால் ஏற வேண்டும். அவ்வளவுதான். அதே காலத்தில் இத்தாலியில் அரெட்ஸோ கீதோ என்ற துறவி கோடு கிழித்துச் சுரம் எழுதும் முறையைக் கொண்டுவந்தார்; உலகம் அதைத்தான் எடுத்துக்கொண்டது. ஹெர்மனின் முறையில் ஓரிடத்தில் தவறினால் அதற்குப் பிறகு வருவதெல்லாம் தவறிவிடும் என்பது உண்மையான குறை. இருந்தாலும், குரலைக் கட்டுப்படுத்த முடியாத ஒரு மனிதர் சுரங்களுக்கு நடுவே உள்ள தூரத்தை இவ்வளவு துல்லியமாகக் கேட்டு எழுத்தாக்கியிருக்கிறார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கும்.

நம் மண்ணுக்கு இந்தச் சேர்க்கை புதிதில்லை. 1892இல் காரைதீவில் பிறந்து, புனித மிக்கேல் கல்லூரியிலும் படித்த விபுலாநந்த அடிகள், துறவியாக இருந்துகொண்டே சுரங்களுக்குக் கணக்குப் போட்டு யாழ் நூலை எழுதினார். 1947இல் அது வெளிவந்தது. மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்தடியில் பாடுமீனின் ஓசையைப் பதிவு செய்து வானொலியில் ஒலிக்க வைத்தவர் லாங் அடிகள் என்ற இயேசு சபைக் குரு. துறவு, கணக்கு, காது மூன்றும் ஒரே ஆளிடம் சேருவதை நம் பிள்ளைகளுக்கு விளக்க வெளியே போக வேண்டியதில்லை.

ஹெர்மன் அமைத்தவற்றில் புனித அஃப்ரா, புனித வுல்ஃப்காங் ஆகியோரின் திருநாள் செபப் பாடல்கள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. கிருபை தயாபத்து மந்திரத்தின் விடயத்தில் நீங்கள் கவனமாகப் பேச வேண்டும். அது அவருடையது என்பது மரபு. ஆய்வாளர்கள் பலர் அதை மறுக்கிறார்கள். வேறு பெயர்களையும் சொல்கிறார்கள். அதனால், 'ஹெர்மன் எழுதியதாகத் திருச்சபை மரபு சொல்லும் செபம்' என்று சொல்லுங்கள். பிள்ளைகளிடம் உண்மையை அளவோடு சொல்வதில் ஒரு குறையும் வராது.

அந்தச் செபத்தின் பழைய தமிழை எடுத்துப் பாருங்கள். இப்போது 'வாழ்க அரசியே' என்று புதிய மொழிபெயர்ப்புச் சொல்கிறோம். என் அம்மா கடைசி வரைக்கும் பழையதைத்தான் சொன்னா. 'பரதேசிகள்', 'கண்ணீர்க் கணவாய்' என்ற சொற்கள் அதில் வரும். 1990இல் போரில் வீட்டை விட்டு ஓடி, ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் பத்துக் குடும்பங்களாகப் படுத்திருந்த இரவுகளில் இந்தச் செபத்தைச் சொன்னோம். பரதேசி என்ற சொல்லில் என் அம்மாவின் குரல் கொஞ்சம் தங்கிப் போகும். கணவாய் என்றால் மலைகளுக்கு நடுவே உள்ள இடுக்கு வழி; மலையே இல்லாத எங்கள் ஊரில் சின்ன வயதில் நான் அதைக் கடலில் பிடிக்கிற கணவாய் என்றே நினைத்திருந்தேன். பிள்ளைகளுக்கு முதலிலேயே விளக்கிவிடுங்கள்.

1052இல் ஹெர்மனின் தாய் இறந்தா. தன் வரலாற்று நூலில் அரசர்களுக்கும் பாப்பரசர்களுக்கும் நடுவில் தாய்க்கு ஓர் இரங்கற்பா வைத்தார். ஏழைகளின் தாய், தன்னைச் சேர்ந்தவர்களின் நம்பிக்கை, துணை என்று அதில் சொல்கிறார். இரண்டு வருடம் கழித்து, 1054 செப்டெம்பரில், விலாவில் வலி கண்டு பத்து நாள் படுத்தார். பெர்த்தோல்ட் பக்கத்தில் இருந்தார். தான் எழுதி முடிக்காத மெழுகுப் பலகைகளை எடுத்துத் திருத்தி, தோல் ஏட்டில் படியெடுத்து, பயன்படக்கூடியவர்களுக்குக் கொடுக்கும்படி சொன்னார். அழ வேண்டாம் என்றும் சொன்னார். முந்திய இரவு பழைய உரோம அறிஞர் சிசரோவின் ஒரு நூலைத் திரும்பத் திரும்ப வாசிப்பது போலக் கனவு கண்டாராம். 24ஆம் திகதி போய்ச் சேர்ந்தார், வயது நாற்பத்தொன்று. குடும்பத்தின் ஊரான ஆல்ட்ஸ்ஹவுசனில் அடக்கினார்கள். 1863இல் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் அவருக்குரிய வணக்கத்தை உறுதிப்படுத்தினார். திருநாள் செப்டெம்பர் 25. உங்கள் நிகழ்வை அந்தக் கிழமையில் வைக்க முடிந்தால் நல்லது.

இனி நான் ஏன் விவால்டியை விட்டு இவரிடம் வந்தேன் என்று சொல்ல வேண்டும். என் மாமாவால்தான், அம்மாவின் தம்பியால். மூன்று வயதில் இளம்பிள்ளைவாதம் வந்து இரண்டு காலும் வலது கையும் போய்விட்டன. வீட்டில் முதிரை மரத்தில் ஒரு கனமான நாற்காலி இருந்தது. அதன் இரண்டு பக்கமும் தும்புக் கயிற்றால் இரண்டு தடியைக் கட்டி, நாலு இளைஞர்கள் மாமாவை ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குத் தூக்கிப் போவார்கள். பின்னால் வலது பக்கத் தடி, பதினைந்து வயதிலிருந்து என் தோளில். ஹெர்மன் சுமக்கும் நாற்காலியில் இருந்தார் என்று பல வருடம் கழித்து ஓர் ஆங்கிலப் புத்தகத்தில் வாசித்தபோது, அந்தத் தடியின் உராய்வு என் தோளில் மறுபடியும் தெரிந்தது.

மாமா படம் கீறுவார். நத்தார் வந்தால் பாலன் குடிலின் பின்திரை அவருடைய பொறுப்பு. சீமெந்துப் பைகளைப் பிரித்துக் கழுவிக் காயவைத்து, கோதுமை மாப் பசையால் ஒட்டிப் பெரிய திரையாக்கிக் கொடுப்போம். வர்ணத் தூளை வச்சிரப் பசையில் காய்ச்சிக் கலப்பது அம்மாவின் வேலை. வீடு முழுக்க அந்த மணம். இடது கை விரல்களும் பலமாகப் பிடிக்காது. பழைய சாரத்தின் கரையைக் கிழித்து, தூரிகையை மணிக்கட்டோடு வரிந்து கட்டிவிடுவோம். முழங்கையை மேசையில் ஊன்றி, உடம்பை முன்னும் பின்னும் அசைத்து அவர் கோடு இழுப்பார். அதனால் அவருடைய கோடுகள் எல்லாம் நீளமாக, கொஞ்சம் வளைந்து, வாவி அலை மாதிரி வரும். அவருடைய பெத்லகேமில் மலை இருக்காது. தென்னை இருக்கும், தோணி இருக்கும், தூரத்தில் வலை வீசுகிற ஒரு மனிதன் இருப்பான். ஒரு வருடம் மூன்று ஞானிகளில் ஒருவரை நாற்காலியில் வைத்துத் தூக்கி வருகிற மாதிரிக் கீறினார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

ஒரு கோயிலில் திருநாளுக்குப் போனபோது, முன்வரிசையில் நாற்காலியை வைக்க வேண்டாம், பார்க்க நன்றாயிராது என்று நிர்வாகத்திலிருந்த ஒருவர் எங்களிடம் சொன்னார். மாமா சிரித்துக்கொண்டே, "பின்னுக்குப் போவம் மகன், அங்க காத்து வரும்" என்றார். அன்றைக்கு நான் பாடவில்லை. இது நடந்து நாற்பது வருடத்துக்கு மேல். இப்போது எழுதும்போதும் நெஞ்சு எரிகிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இதுதான் வாசல். பார்க்க நன்றாயிராது என்ற அந்தப் பேச்சு, ஒரு காலத்தில் சட்டமாகவே இருந்தது. லேவியர் ஆகமம் 21ஆம் அதிகாரத்தில், குருடர், முடவர், கை கால் முறிந்தவர் பலி செலுத்தக் கிட்ட வரக்கூடாது என்று இருக்கிறது. ஆனால் அவர்களும் பரிசுத்த உணவை உண்ணலாம் என்று அடுத்த வரியிலேயே இருக்கிறது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் 984ஆம் பிரிவில், உடல் பலவீனத்தால் பீடப்பணியைப் பாதுகாப்பாகச் செய்ய முடியாதவர், உருக்குறையால் கண்ணியமாகச் செய்ய முடியாதவர் பட்டம் பெறத் தடை என்று வைத்திருந்தது. தனியாக அனுமதி கேட்டு வாங்கலாம். அந்தச் சட்டத்துக்கு வெகு காலம் முன்பே, பதினேழாம் நூற்றாண்டில், புனித ஐசாக் ஜோக்ஸ் என்ற இயேசு சபைக் குருவின் விரல்கள் வட அமெரிக்காவில் சித்திரவதையில் சிதைந்துபோயின. அந்தக் கையோடு பூசை வைக்க அவர் அனுமதி கேட்டபோது, கிறிஸ்துவுக்காகச் சாட்சி சொன்னவருக்குக் கிறிஸ்துவின் இரத்தத்தைப் பருகத் தடை சொல்வது வெட்கம் என்ற கருத்தில் பாப்பரசர் எட்டாம் ஊர்பன் இணங்கினார்.

1983இல் வந்த புதிய சட்டத்தில் அந்த உடற்குறைத் தடை இல்லை. பணிக்குப் பொருத்தமான உடல்நலமும் மனநலமும் வேண்டும் என்று 1029ஆம் பிரிவு கேட்கிறது. அதை ஆயர் ஆளைப் பார்த்து முடிவு செய்கிறார். 930ஆம் பிரிவு, நிற்க முடியாத குரு உட்கார்ந்து பூசை வைக்கலாம் என்கிறது. மக்களோடு வைப்பதற்கு மட்டும் ஆயரின் அனுமதி வேண்டும். பார்வையற்ற குருவுக்கும் அதே பிரிவில் இடம் இருக்கிறது. தென்னாபிரிக்காவில் காது கேளாதவராகப் பிறந்த சிரில் ஆக்சல்ரொட் 1970இல் குருவானார். பின்னாளில் பார்வையும் போன பிறகும் பணி செய்தார். 2007இல் கொரியாவில் ஆசியாவின் முதல் காது கேளாத குருவுக்குப் பட்டம் கொடுத்தார்கள். 2024இல் நமக்குப் பக்கத்தில் கேரளத்தின் திருச்சூரில் பேசவும் கேட்கவும் முடியாத ஒருவர் குருவானார். சைகை மொழியில் பூசை வைக்கிறார்.

ஆகவே அந்தப் பிள்ளைக்கு, "வரலாம் மகன்" என்று சொல்லுங்கள். படிப்பு நீளம், ஆயர் பார்த்து முடிவெடுப்பார், உடம்பால் எது முடியும் எது முடியாது என்று பேச வேண்டிவரும் என்பதையும் வளர்ந்த பிறகு சொல்லுங்கள். எல்லாப் பிள்ளைகளிடமும் இதைத்தானே சொல்கிறோம். பாவம் என்ற சொல்லை மட்டும் அன்றைக்கு ஒருவரும் வாயில் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிகழ்வுக்குச் சில சொல்லுகிறேன். மேடை வேண்டாம். மேடை போட்டால் அந்தப் பிள்ளைகளைத் தூக்கி ஏற்ற வேண்டிவரும். தரையிலேயே வட்டமாக இருங்கள். கோயில் வாசலில் படி இருந்தால் சாய்வுப் பலகை வையுங்கள். ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் என்பது கணக்கு; அரையடிப் படிக்கு ஆறடிப் பலகை போதும். தச்சரிடம் சொன்னால் அரை நாளில் முடியும். பொது இடங்களில் இப்படி வழி இருக்க வேண்டும் என்பது இந்த நாட்டில் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும் 2006இல் வந்த விதிகளும் சொல்வதுதான். நிகழ்வு முடிந்ததும் பலகையைக் கழற்ற விடாதீர்கள்.

ஹெர்மனின் கதையை நீங்கள் பத்து நிமிடத்துக்கு மேல் சொல்ல வேண்டாம். தீவு, நாற்காலி, சூரிய கடிகாரம், சுரத்துக்கு எழுத்து, மெழுகுப் பலகை, இவ்வளவும் போதும். அப்புறம் ஒரு பெரிய தாளை விரித்துப் பிள்ளைகளைக் கீற விடுங்கள். தூரிகையைப் பிடிக்க முடியாதவருக்குச் சீலைக் கரையால் மணிக்கட்டில் கட்டிவிடுங்கள், இறுக்காமல், விரல் நுழையும் அளவுக்கு. கட்டிய பிறகு கையை நீங்கள் பிடித்து இழுக்காதீர்கள். கோடு எங்கே போகிறதோ போகட்டும்.

கடைசியில் கிருபை தயாபத்து மந்திரத்தைப் பேச்சுத் தெளிவில்லாத பிள்ளைகளில் ஒருத்தி தொடங்கட்டும். ஒரு கிழமைக்கு முன்னரே அவளோடு இருந்து சொல்லிப் பாருங்கள்; உங்கள் காது பழகிவிடும். அவள் எந்தச் சொல்லில் மூச்சு எடுக்கிறாளோ அதே இடத்தில் மற்றவர்களும் நிறுத்தட்டும். சுருதி அவளுக்கு ஏற்றபடி வைக்க வேண்டும். உங்களிடம் ஆர்மோனியம் இல்லாவிட்டால் எனக்குச் சொல்லுங்கள், பஸ்ஸில் கொண்டுவந்துவிடுகிறேன்.